தார், ஜிம்னிக்கு ஏர் கம்ப்ரசர்: 1,500 ரூபாய் போதுமா, 5,000 தேவையா?

சனிக்கிழமை விடிஞ்சா போதும், நம்ம புதுச்சேரியிலிருந்து தார், ஜிம்னி, கூர்க்கா எல்லாம் கல்வராயன் மலை, ஜவ்வாது மலைன்னு கிளம்பிடுது. மண் பாதை வந்ததும் டயர் காற்றை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18, 20க்கு இறக்குவாங்க. டயர் அகலமா உட்கார்ந்து நல்ல பிடிமானம் கிடைக்கும். இறக்க காசு வேண்டாம். திரும்ப ஏத்தத்தான் செலவு.

நான் 999 ரூபாய்க்கு ஒரு குட்டி பம்ப் வாங்கினேன். முதல் டயர் முடியறதுக்குள்ள சூடாகி நின்னுடுச்சு. காற்று குறைஞ்ச டயரோட தார் ரோட்டுல பங்க் தேடி ஓட்டினதுல, பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி ஒரு டயர் போச்சு. புது டயர் பத்தாயிரத்துக்கு மேல. மிச்சம் பிடிச்ச லட்சணம் இதுதான்!

வாங்கணுமா?

டவுனுக்குள்ள மட்டும் ஓட்டுறவங்களுக்கு அவசியமே இல்லை. பெட்ரோல் பங்குகள் காற்றை இலவசமா தரணும்னு விதியே இருக்கு.

150 பி.எஸ்.ஐ.யைப் பார்த்து ஏமாறாதீங்க

பெட்டியில அதைத்தான் பெருசா போட்டிருப்பாங்க. நமக்குத் தேவை 30, 35தான். பார்க்க வேண்டியது, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுதுங்கறது.

சின்ன கணக்கு. தாரோட 18 இஞ்ச் டயருக்குள்ள சுமாரா 70 லிட்டர் இடம். 18லிருந்து 32க்கு ஏத்தணும்னா கிட்டத்தட்ட அதே அளவு வெளிக்காற்றை உள்ளே தள்ளணும். 35 லிட்டர் பம்ப்னா 2 நிமிஷம் போதும்னு தோணும். ஆனா அந்த 35, எதிர் அழுத்தம் இல்லாதப்போ எடுத்த அளவு. டயருக்குள்ள பாதிதான் வரும்னு வச்சுக்கங்க. ஒரு டயருக்கு 4 நிமிஷம், நாலுக்கும் 16 நிமிஷம். ஜிம்னி டயர் சின்னது, சுமார் 45 லிட்டர்தான். அதனால நேரமும் குறையும்.

அடுத்த கேள்வி: பம்ப் தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓடும்? 10 நிமிஷம்னா, ரெண்டு டயருக்கு அப்புறம் ஆற விட்டே ஆகணும்.

சாக்கெட்டா, பேட்டரி கிளிப்பா?

காருக்குள்ள இருக்கற 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் பொதுவா 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ். 15ன்னு வச்சாலும் 180 வாட்ஸ்தான். ரெட்டை சிலிண்டர் மோட்டார் அதைத் தாண்டி இழுக்கும், ஃபியூஸ் போயிடும். அதை நேரா பேட்டரியில கிளிப் மாட்டி, இன்ஜினை ஓட விட்டு இயக்கணும். பின் டயர் வரைக்கும் ஹோஸ் எட்டுதான்னு வாங்கும்போதே பாருங்க.

பட்ஜெட்

- சாதா கார், பைக்: 1,500 முதல் 2,500. ஒத்தை சிலிண்டர் போதும்.
- ஜிம்னி: அதே ரகத்துல மெட்டல் சிலிண்டர். நடுவுல ஓய்வு கொடுங்க.
- தார், கூர்க்கா: ரெட்டை சிலிண்டர், சுமார் 4,000 முதல் 7,000.

இதுகூட ஒரு தனி பிரஷர் கேஜ் வாங்கிடுங்க. பம்ப்ல இருக்கற மீட்டரை முழுசா நம்ப முடியாது. நம்ம ஊர் உப்புக் காற்றுக்குப் பித்தளை கனெக்டர் நல்லது.

கடைசியா ஒரு மிச்சம் பிடிக்கிற வழி. மலைக்கு யாரும் தனியா போகக்கூடாது, கூட்டமாத்தான் போகணும். அப்போ நாலு பேரும் சேர்ந்து 5,000 ரூபாய் கம்ப்ரசர் ஒண்ணு வாங்கினா, தலைக்கு 1,250தான். நான் இப்போ அப்படித்தான் போறேன். அடுத்த வீடியோவுல ஓட்டியே காட்டறேன்!