வீங்கிய காலை உருவிவிடலாமா?

வளைகுடாவிலிருந்து மகன் விடுப்பில் வந்திருக்கிறார். ஒரு காலின் கெண்டைச் சதையில் மட்டும் வலி, லேசான வீக்கம். "நெடுநேரம் உட்கார்ந்து வந்த களைப்புதான்" என்று உம்மா தைலத்தை எடுக்கிறார். அல்லது மசாஜ் செய்யத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறோம். பாசத்தோடு செய்யும் இந்தக் காரியம் சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

மசாஜ் கெட்டதல்ல. தசை இறுக்கம் தளரும், உடல் வலி குறையும். ஆனால் இதயத்திலோ இரத்தக் குழாயிலோ நோய் உள்ளவருக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்பதை, தொழிலாக மசாஜ் செய்பவரும் வீட்டில் கால் பிடித்துவிடும் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

காலில் உறையும் இரத்தம்

காலிலுள்ள இரத்தம் சிரைகள் வழியாக மேலே இதயத்துக்குத் திரும்புகிறது. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. அசையாமல் இருந்தால் ஓட்டம் மந்தமாகி, உள்ளே இருக்கும் ஆழ்சிரையில் இரத்தம் கட்டியாக உறையலாம். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கை, மாவுக்கட்டு, புற்றுநோய், கர்ப்ப காலம், பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்கள் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

புதிதாக உறைந்த கட்டி சிரைச் சுவரில் உறுதியாக ஒட்டியிருக்காது. அழுத்தி மேல்நோக்கி உருவும்போது அது பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். நுரையீரலை அடைக்கும் கட்டி பெரும்பாலும் அங்கே உருவாவதல்ல, வேறிடத்துச் சிரையிலிருந்து வந்து சேர்வது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு ஆகியவை தெரிந்தால் அந்தக் காலை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். டாப்ளர் ஸ்கேனில் கட்டி இருப்பது தெரிந்துவிடும். மருந்தால் குணப்படுத்தவும் முடியும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பெண்களும் முதலில் அவளுடைய இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

கவனம் தேவைப்படும் மற்றவர்கள்

இரு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் அது இதயம் பலவீனமானதன் அடையாளமாக இருக்கலாம். காலில் தேங்கிய நீரை அழுத்தி மேலே ஏற்றினால் இதயத்தின் சுமை கூடும்.

நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பல்ல, புடைத்த சிரை. அதன் மீது அழுத்தக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரை பலமாக அமுக்கினால் தசைக்குள்ளேயே இரத்தம் கசியலாம். ஆஞ்சியோ செய்த மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு, பேஸ்மேக்கர் வைத்த தோள்பட்டைப் பகுதி ஆகியவற்றையும் தொடக் கூடாது.

சர்க்கரை நோயாளியின் பாதம் மரத்திருந்தால் சூடான எண்ணெய் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இரத்த அழுத்தம் 180/120-ஐ எட்டியிருந்தால் அவருக்குத் தேவை மசாஜ் அல்ல, மருத்துவர்.

கழுத்தில் விளையாட வேண்டாம்

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது பலருக்குப் பழக்கம். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் செல்கின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதானாலும் இளைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. கழுத்தின் முன்பக்கவாட்டில், துடிப்பு தெரியும் இடத்தை அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

கேட்பதும் சொல்வதும்

மசாஜ் செய்பவர் எண்ணெயைத் தொடும் முன் கேட்க வேண்டியவை ஐந்து: இதய நோய் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அண்மையில் அறுவை சிகிச்சையோ பிரசவமோ நடந்ததா? நீண்ட பயணம் செய்தீர்களா? காலில் வீக்கம் உண்டா? படுத்துக்கொள்பவரும் எதையும் மறைக்கக் கூடாது.

இடையில் நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல், வாய் கோணுதல் ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். முடிந்த பிறகு பெரியவர்களைச் சட்டென்று எழுப்பாமல் சில நிமிடங்கள் உட்கார வைப்பது நல்லது.

நம் கையில் ஒருவர் ஒப்படைக்கும் உடல் ஓர் அமானிதம். சந்தேகம் இருந்தால் தைலத்தை மூடி வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போவோம். உருவிவிடுவதை ஒரு நாள் தள்ளிப்போடுவதால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.