அறிமுகக் காணொளியில் ஒரு சொல் பிசகினால்…

புதிய தவணை தொடங்கப் போகிறது என்றால் புலனக் குழுக்களில் காணொளி மழைதான். "புதிய தமிழ் வகுப்பு ஆரம்பம்", "எஸ்.பி.எம். தமிழில் ஏ பிளஸ் உறுதி", "இடங்கள் குறைவு, இன்றே பதிவு செய்யுங்கள்" என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் ஆசிரியர்களில் சிலரும் டியூஷன் சென்டர்களுக்காக இப்படிப் பேசி நடிக்கிறார்கள். தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் இதைப் பார்த்துத்தான் எங்கே சேரலாம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வெளிச்சம் போதவில்லை, குரல் கேட்கவில்லை என்பதெல்லாம் சின்னக் குறைகள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சொல்லும் செய்தியில் பிழை வந்தால்தான் ஆபத்து.

2023 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 'பார்ட்' என்ற உரையாடல் மென்பொருளை அறிமுகப்படுத்தியது. அதற்கான குறுங்காணொளியில் ஒரு கேள்வி வரும்: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் புதிய கண்டுபிடிப்புகளில் எதை என் 9 வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம்? வந்த பதில்களில் ஒன்று, சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படம் பிடித்தது இந்தத் தொலைநோக்கிதான் என்றது. தப்பு! 2004ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி அப்படிப் படம் எடுத்துவிட்டது. ஜேம்ஸ் வெப் விண்ணில் ஏவப்பட்டதே 2021 டிசம்பரில்தான். வானியல் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். செய்தி வெளியான பிப்ரவரி 8ஆம் தேதி கூகுளின் தாய் நிறுவனப் பங்குகள் 7 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து, ஏறக்குறைய 100 பில்லியன் டாலர் சந்தை மதிப்பு ஒரே நாளில் போனது.

தமிழாசிரியர்களுக்கு இதில் நல்ல பாடப்பொருள் இருக்கிறது. வெளிக்கோள் ஒன்றை ஜேம்ஸ் வெப் நேரடியாக எடுத்த முதல் படத்தை 2022 செப்டம்பரில் நாசா வெளியிட்டது. அது உண்மை. இப்போது இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்க. "இது ஜேம்ஸ் வெப் எடுத்த முதல் வெளிக்கோள் படம்." "முதல் வெளிக்கோள் படத்தை எடுத்தது ஜேம்ஸ் வெப்." சொற்கள் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். 'முதல்' இடம் மாறியதும் முன்னது மெய், பின்னது பொய்!

நம் டியூஷன் காணொளிகளிலும் இதே வழுக்கல்தான். "எங்கள் மாணவர்கள் பத்துப் பேர் ஏ பெற்றார்கள்" என்றால் அறுபது பேரில் பத்தாகவும் இருக்கலாம். "பத்துப் பேரும்" என்று சொல்லிவிட்டால் மொத்தமே பத்துப் பேர், ஒருவர்கூட விடுபடவில்லை என்று பொருள். முற்றும்மையை வகுப்பில் கற்பிக்கிற நாமே காமிரா முன்னால் அதை அலட்சியமாகப் போடலாமா?

இன்னொரு வகைத் தவறு வாய்தவறி வருவதில்லை, தெரிந்தே செய்வது. இந்தியாவில் 'ஒயிட்ஹேட் ஜூனியர்' என்ற நிறுவனம் பிள்ளைகளுக்கு இணையவழி கணினி நிரலாக்கம் கற்பித்தது. 2020இல் பைஜூஸ் அதை 300 மில்லியன் டாலருக்கு வாங்கியது. (பைஜூஸ் பிற்பாடு கடனில் தத்தளித்தது வேறு கதை.) அதன் விளம்பரங்களில் 'வுல்ஃப் குப்தா' என்றொரு சிறுவன் வந்தான். நிரலாக்கம் கற்றதால் கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளமாம்! மக்கள் விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் ஒரு வயது, இன்னொன்றில் வேறு வயது. சம்பளமும் அப்படியே. அப்படி ஒரு பையனே இல்லை, கற்பனைப் பாத்திரம். புகார்கள் குவிந்து, விளம்பரத் தர மன்றம் தலையிட்டபின் ஐந்து விளம்பரங்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. நிரலாக்கம் கற்பது நல்லதுதான், அதில் குறையில்லை. "நம்ம பிள்ளை பின்தங்கிவிடுமோ" என்று பெற்றோரைப் பயப்படவைத்து விற்றதுதான் அசிங்கம். "இந்த வகுப்பில் சேராவிட்டால் ஏ கனவுதான்" என்று நம் ஊரில் பேசுவதும் அந்த ரகமே.

ஆகவே காணொளி எடுப்பதற்கு முன் வசனத்தை எழுதி, மாணவர் கட்டுரையைத் திருத்துவது போல் சிவப்புப் பேனாவோடு உட்காருங்க. எண் வரும் இடமெல்லாம் வட்டமிட்டு, எத்தனை பேரில், எந்த ஆண்டில் என்று பக்கத்தில் எழுதுங்க. பதில் இல்லையென்றால் அந்த வரியை வெட்டிவிடலாம். 'உறுதி' என்ற சொல்லுக்கு மட்டும் கருணையே வேண்டாம். தேர்வுத்தாளைத் திருத்துவது நாமில்லையே! தேர்வு முடிவுச் சீட்டைத் திரையில் காட்டினால் அடையாள அட்டை எண் தெரிகிறதா என்று கவனியுங்க. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010 முதலும் சிங்கப்பூரில் 2012 முதலும் இருக்கிறது. பிள்ளையின் முகம் வந்தால் பெற்றோரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

வெளியான பிறகு தப்பு தெரிந்தால்? முகநூலில் நீக்கிவிடலாம், புலனத்தில் பகிர்ந்தது கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் குழுவில் போட்டோமோ அதே குழுவில், எந்த வரி தவறு, சரியான வரி எது என்று இரண்டே வரியில் எழுதிவிடுங்க.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. பின்வரும் விளம்பர வரியில் சரிபார்க்க முடியாத கூற்றுகள் எவை என்று அடிக்கோடிட்டு, உண்மை மட்டும் நிற்கும்படி திருத்தி எழுதுக: "நாட்டிலேயே முதல் முறையாக, எங்கள் வகுப்பில் சேர்ந்த அனைவரும் மூன்றே மாதத்தில் கட்டுரையில் முழுப் புள்ளி பெற்றனர்."