அறம்சார் கொள்முதல்

ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான பொருளை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும்போது, விலை, தரம், காலக்கெடு ஆகிய மூன்றோடு, அந்தப் பொருள் எந்தச் சூழலில் உருவாகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது அறம்சார் கொள்முதல் எனப்படும். பொறுப்புள்ள கொள்முதல் என்றும் கூறுவர். தொழிலாளருக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கிறதா, குழந்தைகள் வேலை செய்கிறார்களா, கட்டடம் உறுதியானதா, கழிவுநீர் எங்கே போகிறது என்பவை இதில் கேட்கப்படும் கேள்விகள்.

பள்ளிகளில் ஒரு பொருள் வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்ததைத் தேர்ந்தெடுப்போம். முறைகேட்டைத் தடுக்க அது நல்ல வழிதான். ஆனால் ஒருவருடைய விலை மட்டும் ஏன் குறைந்திருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அந்தக் கேள்விக்கு விடை தேட நமக்கு அருகிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

திருப்பூரும் நொய்யலும்

பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏற, சாயத்தொட்டியில் நிறைய உப்பு சேர்க்க வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு நீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தை ஓரளவு நீக்கலாம், கரைந்த உப்பை நீக்க முடியாது. அதற்கு எதிர்ச்சவ்வூடுபரவல் முறையும், எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகளும் வேண்டும். இரண்டுக்கும் மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகும். இந்தச் செலவைச் செய்யாத பட்டறை, செய்யும் பட்டறையைவிடக் குறைந்த விலைக்குச் சாயம் போட்டுத் தர முடிந்தது. மீதிச் செலவை நொய்யல் கரை விவசாயிகள் ஏற்றார்கள். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்த நீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாற வேண்டும் என்று 2006இல் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பின்னர் தேவையான கருவிகளை நிறுவிய பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இன்று நீரின் பெரும்பகுதியையும் உப்பின் ஒரு பகுதியையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். கலப்பு உப்பையும் சேற்றுக்கழிவையும் என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். வெளிநாட்டில் துணி வாங்கியவர்கள் சாயம் எங்கே போடப்படுகிறது என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், நீதிமன்றம் இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்காது என்பது என் கருத்து.

சான்றிதழ் மட்டும் போதுமா?

ஒவ்வோர் ஆலையையும் வாங்குபவரே நேரில் போய்ப் பார்க்க முடியாது. எனவே சான்றிதழ்கள் வந்தன. தொழிலாளர் நிலைமைக்கு 1997இல் தொடங்கிய எஸ்.ஏ. 8000, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14001, இயற்கை வேளாண் பருத்தித் துணிக்கு காட்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவை பயனுள்ளவை. ஆனால் 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்.ஏ. 8000 சான்று பெற்றிருந்தது.

அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல் தொழிலாளர்கள் மட்டும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். அங்கிருந்த சில ஆலைகளில் ஏற்கெனவே சமூகத் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதி அந்தத் தணிக்கையின் வரம்பில் வரவில்லை!

இதன் பிறகு அடுத்த மாதமே வாங்கும் நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. முன்பெல்லாம் நடத்தை விதிகள் நிறுவனம் தானாக வெளியிடும் வாக்குறுதிகளாக இருந்தன. இந்த உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்துவது. பொறியாளர்கள் கட்டடங்களைச் சோதித்து அறிக்கையை வெளியிட்டார்கள்.

தமிழகத்திலும் இதே வழியில் ஒரு முயற்சி உண்டு. திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, அங்கு நிலவிய பாலியல் தொல்லை வெளியே தெரிந்தது. 2022இல் தொழிற்சங்கம், ஆலை உரிமையாளர், வாங்கும் நிறுவனம் ஆகியோருக்கிடையே ஏற்பட்டது திண்டுக்கல் ஒப்பந்தம். தையல் வரிசையில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையாளரிடம் சொல்லத் தயங்குவதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது எளிதல்லவா?

சங்கிலியின் அடிப்பகுதி

சட்டை தைக்கும் ஆலை வாங்குபவருக்குத் தெரியும். அதற்குத் துணி தந்தவர், நூல் தந்த நூற்பாலை, பஞ்சு தந்த வயல் ஆகியவை பெரும்பாலும் தெரியாது. மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன 'சுமங்கலித் திட்டம்' நூற்பாலைகளில்தான் நடந்தது. இடையில் நோயுற்று வெளியேறிய பெண்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். பளபளப்பான ஏற்றுமதி ஆலையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர் கண்ணில் இது படவில்லை.

வாங்குபவரின் நடத்தையும் இதில் அடங்கும். விலையைக் குறைத்து, கடைசி நேரத்தில் வடிவமைப்பை மாற்றி, அதே தேதியில் சரக்கு வேண்டும் என்றால், ஆலை இரவு வேலை வைக்கும். இல்லையேல் யாருக்கும் தெரியாமல் 'பவர் டேபிள்' பட்டறைக்கு ஜாப் ஒர்க் அனுப்பும். பணத்தைக் காலம் கடத்துவதும் அப்படியே. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வட்டி உண்டு.

சட்டங்கள்

பிரிட்டன் 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தையும், ஜெர்மனி 2023 முதல் வழங்கல் சங்கிலிச் சட்டத்தையும் நடைமுறைப்படுத்தின. இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் சமூக, சுற்றுச்சூழல் விவரங்களைச் செபி வகுத்த வடிவில் வெளியிட வேண்டும். மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும் பெண்கள் நடத்துபவற்றுக்கும் தனிப் பங்கு உண்டு.

குறை கண்டதும் விலகலாமா?

இதற்கு நேரான விடை கிடையாது. 2006இல் நைக்கி நிறுவனம், பாகிஸ்தானின் சியால்கோட்டில் தனக்குக் கால்பந்து தைத்துத் தந்த ஆலை வேலையை அனுமதியின்றி வீடுகளுக்கு அனுப்புவதைக் கண்டு, குழந்தை உழைப்பு நுழையும் என்று ஒப்பந்தத்தை முறித்தது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியானது. மறு ஆண்டு அதே ஊரில் வேறோர் ஆலையோடு, தையல் முழுவதும் ஆலைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் திரும்பி வந்தது. குழந்தைகளுக்கு அது நல்லதே. வீட்டு வேலைக்கிடையே திண்ணையில் தைத்துச் சம்பாதித்த தாய்மார்களில் ஆலைக்குப் போக முடியாதவர்களுக்கு அந்த வேலை திரும்ப வரவில்லை.