ஜான் பனியனின் தன்வரலாற்றில் அன்றாட வாழ்வும் சமய அனுபவமும்

கிறித்தவச் சான்றோர் தம் உள்ளத்தில் இறைநம்பிக்கை முளைத்து வளர்ந்த வரலாற்றைத் தாமே எழுதிவைத்த நூல்கள் மேலை இலக்கியத்தில் ஒரு தனி வகையாக எண்ணப்பெறும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தீனார் இலத்தீன் மொழியில் இயற்றத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ அவ்வகைக்கு முதனூல் போன்றது. அகுஸ்தீனார் சொற்கலை கற்பித்த ஆசிரியர். தத்துவங்கள் பலவற்றுட் புகுந்து மீண்டவர். ஆதலின் அவர் நூல் கற்றார்க்கே உரிய ஆழமும் பொலிவும் உடையது. அவருக்குப் பின் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற் கழிந்து, ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துச் செப்பனிட்டுத் திரிந்த ஒருவர், சிறைக்கோட்டத்திலிருந்து அதே வகையில் ஒரு நூல் எழுதினார். 1666ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பெயரைப் ‘பாவிகளுள் தலையாயவனுக்குப் பெருகிய அருள்’ எனத் தமிழிற் பெயர்க்கலாம். அதனை எழுதியவர் ஜான் பனியன்.

பனியன் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. அவர் 1678இல் வெளியிட்ட பயண உருவக நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். காப்பியத்தைப் பயில்வோர் அதன் மூலத்தையும் ஒருவாறு நோக்குவர். ஆயின் அம்மூலத்திற்கும் மூலமாகிய தன்வரலாறு நம்மிடையே அத்துணைப் பயிலப்படவில்லை. இஃது ஒரு குறையே என்பது எம் கருத்து. உருவக நூலிற் பயணி நடந்த வழி முழுவதும் முன்னரே ஒரு மனிதனால், மெய்யான சேற்றில், மெய்யான கால்களால் நடக்கப்பட்டது. அதனை அறியாதார்க்கு உருவகம் வெறும் அணியாகவே தோன்றும்.

அவர் வாழ்க்கை வரலாற்றில் இன்றியமையாதவற்றை மட்டும் ஈண்டுக் கூறி மேற்செல்வோம். பனியன் 1628இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையின் தொழிலே மகனுக்கும் வாய்த்தது. சிறிது காலம் பள்ளியிற் கற்றதும் விரைவில் மறந்துபோயிற்று என அவரே கூறுகின்றார். 1644இல் தாயும் ஓர் உடன்பிறந்தாளும் இறந்தனர். அவ்வாண்டே பாராளுமன்றப் படையிற் சேர்க்கப்பட்டார். படையிலிருந்து மீண்டு மணம் புரிந்தபோது கணவன் மனைவி இருவர்க்கும் சேர்த்து ஒரு தட்டோ ஒரு கரண்டியோ கூட இல்லை. மனைவி தன் தந்தையிடமிருந்து பெற்றுவந்த சீர், ஆர்தர் டென்டு, லூயிஸ் பெய்லி என்போர் எழுதிய இரண்டு பத்தி நூல்களே. பின்னாளில், அரசின் இசைவு பெறாத கூட்டத்திற் போதித்தமைக்காக 1660இற் சிறைப்பட்டு, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழித்தார். ஆடையையும் காலணியையும் இழுத்துக் கட்டும் நாடாக்களுக்கு நுனித்தகடு பொருத்தி விற்று, அவ்வருவாயால் வெளியிலிருந்த மனைவி மக்களைப் புரந்தார். மக்களுள் ஒருத்தி கண்ணிழந்தவள். அக்குழந்தையைப் பிரிந்த துயரை அவர் எழுதியுள்ள பகுதியைக் கல்நெஞ்சரும் கலங்காது படித்தல் அரிது.

நூலின் முன்னுரையிற் பனியன் தம் நடையைப் பற்றி ஒரு செய்தி சொல்கின்றார். இதனினும் உயர்ந்த நடையிற் பலவற்றை அழகுபடுத்தி எழுதத் தமக்கு இயலும். ஆனால் இறைவன் தம்மைத் திருத்தியது விளையாட்டாக அன்று, அலகை தம்மைச் சோதித்ததும் விளையாட்டாக அன்று. ஆதலின் தாமும் விளையாட்டாக எழுதாது நடந்ததை நடந்தவாறே வைப்பதாக அவர் கூறுகின்றார். இக்கூற்றை அவையடக்கம் என ஒதுக்குதல் பொருந்தாது. நூல் முழுமையையும் ஆளும் இலக்கணம் இதுவே. நடந்ததை நடந்தவாறே வைக்கப் புகுந்தமையால், உயர்ந்த சமய உணர்வுகள் மிகத் தாழ்ந்த அன்றாடப் பொருள்களோடு பிரிக்கவொண்ணாது பிணைந்து வருகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிற் கோயிலில், ஓய்வுநாளை மீறி விளையாடுதல் பாவம் எனக் குருவானவர் போதித்தார். அது தம்மையே சுட்டியதாகப் பனியன் வருந்தினார். உணவு உண்டவுடன் வருத்தம் அகன்றது. ஊர்ப் பொதுவிடத்திற்கு விளையாடச் சென்றார். விளையாட்டு நம் நாட்டுக் கிட்டிப்புள்ளை ஒத்தது. புள்ளை ஒருமுறை அடித்து, இரண்டாம் முறை அடிக்கக் கோலை ஓங்கிய நிலையில், பாவத்தை விட்டு விண்ணுலகம் செல்வாயோ, பாவத்தோடு நரகம் செல்வாயோ என ஒரு குரல் உள்ளத்தில் எழுந்தது. கோலைக் கீழே விட்டு வானத்தை அண்ணாந்து நின்றார். அடுத்து நிகழ்ந்ததே கருதத்தக்கது. மனந்திரும்பும் காலம் கடந்துவிட்டது, இனித் திருந்திப் பயனில்லை என்று முடிவுசெய்து, மீண்டும் கோலை எடுத்து ஆடினார்! புனைந்துரைக்கும் ஆசிரியன் எவனும் குரல் கேட்ட இடத்திலேயே தலைவனை மண்டியிடச் செய்திருப்பான். பனியன் அவ்வாறு செய்யவில்லை.

மணியடித்த செய்தியும் இத்தகையதே. கோயில் மணிகளைப் பலர் கூடிக் கயிறிழுத்து முறைமுறையாக ஒலிப்பது அந்நாட்டார்க்கு ஒரு பொழுதுபோக்கு. எல்ஸ்டோவில் மணிக்கோபுரம் கோயிலினின்றும் பிரிந்து தனித்து நிற்கின்றது. மணியடித்தல் வீண் செயல் என உள்ளம் உறுத்தவே, பனியன் அதனை விட்டார். ஆயினும் பார்க்கும் ஆசை விடவில்லை. மணி அறுந்து விழுந்தால் என் செய்வது என்று கோபுரத்தின் பெரிய உத்தரத்தின் கீழ் நின்றார். விழும் மணி சுவரில் மோதித் தம்மேற் பாய்ந்தால்? வாயிற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? அங்கிருந்தும் ஓடினார். படிக்கும்போது நகை தோன்றுவது இயல்பு. ஆனால் மனச்சான்று விழித்துக்கொண்ட ஒருவன் பழைய இன்பத்தை ஒரேயடியாக விடமாட்டாது, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கும் நிலையை, கருத்துச் சொல் ஒன்றேனும் இன்றி, உத்தரம், சுவர், படி என்னும் மூன்றாலேயே உணர்த்திவிடுகின்றார்.

இவ்வாறு புறவொழுக்கம் திருந்தியவரை அயலார் புகழ்ந்தனர்; அவரும் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார். இந்நிலையில் ஒருநாள் தொழிலின் பொருட்டுப் பெட்ஃபோர்டுத் தெருவொன்றில் நடந்தார். வறிய பெண்டிர் மூவரோ நால்வரோ ஒரு வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தனர். சமயப் பேச்சில் வல்லவர் எனத் தம்மைக் கருதியிருந்த பனியன் அருகே சென்று கேட்டார். கேட்டும் பொருள் விளங்கவில்லை. அவர்கள் மறுபிறப்பைப் பற்றியும், தம் நெஞ்சின் இழிநிலையைப் பற்றியும், அருள் தமக்கு உதவிய வகையைப் பற்றியும் பேசினர். மகிழ்ச்சியே அவர்களைப் பேசுவிப்பது போல அவருக்குத் தோன்றிற்று. எத்தனை என்னும் எண்ணைக்கூட அவர் திருத்தமாக வைக்கவில்லை, பெயர்கள் இல்லை. ஆனால் வெயிலை மறக்கவில்லை. அப்பெண்டிர் வழியாகவே ஜான் கிஃபோர்டு என்னும் போதகரையும் அவருடைய சிறு சபையையும் அவர் அடைந்தார்.

அவ்வெயில் பின்னும் ஒளிர்கின்றது. அப்பெண்டிர் உயர்ந்த மலையொன்றின் வெயில்படு பக்கத்தில் இனிதிருக்க, தாம் பனியிலும் குளிரிலும் நடுங்கி நிற்பதாகவும், இடையே ஒரு மதில் இருப்பதாகவும் பனியன் ஒரு காட்சி கண்டார். மதிலில் மிகக் குறுகிய ஒரு வழி. முதலில் தலை, பிறகு தோள்கள், இறுதியில் உடல் முழுதும் என நெருக்கி நுழைந்து அப்பெண்டிர் நடுவே அமர்ந்தார். உருவக நூலிற் பயணி முதற்கண் தட்டும் சிறு வாயில் இதனினின்றே தோன்றியது என்பது எம் துணிபு. இடுக்கமான வாயில் விவிலியத்தில் உள்ளதுதான். ஆயினும் தோளை நெருக்கி உட்புகும் அந்த மெய்ம்முயற்சி தெருவில் நின்று ஏங்கிய மனிதனுடையது.

நூலின் இடைப்பகுதி சோதனைகளால் நிறைந்தது. வந்ததே மீண்டும் வரும். தேறியவர் மீண்டும் வீழ்வார். படிப்போர் சிலர் சலிப்புறுவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தமக்கு நம்பிக்கை உண்டா என அறிய, எல்ஸ்டோவிற்கும் பெட்ஃபோர்டிற்கும் இடைப்பட்ட வழியிற் குதிரைக் குளம்படிக் குழிகளில் தேங்கிய நீரை வற்றுமாறு கட்டளையிட்டுப் பார்க்கலாமா என ஒருநாள் எண்ணினார். சொல்ல வாயெடுத்தவர், முதலில் வேலிமறைவிற் சென்று வேண்டிக்கொள்ளலாம் எனக் கருதினார். வேண்டியும் நீர் வற்றாவிடின் தம் கதி என்னாவது என்று அஞ்சி, சோதனையையே ஒத்திவைத்தார்.

இவற்றினும் கொடியது, கிறித்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஏறத்தாழ ஓராண்டு அவரை விடாது தொடர்ந்தமை. அது வந்த இடங்கள் எவை? உண்ண அமரும்போது, கீழே கிடந்த குண்டூசியை எடுக்கக் குனியும்போது, விறகு பிளக்கும்போது. கண்ணிற்பட்ட பொருள் எதுவாயினும் அதற்கு ஈடாக விற்றுவிடு என்று அக்குரல் வற்புறுத்தும். விற்கமாட்டேன் என மறுத்துக்கொண்டே இருந்தவர் ஒருநாட் காலையிற் படுக்கையிற் சோர்ந்து இசைந்துவிட்டதாக உணர்ந்தார். அதன்பின், பயற்றங்கூழுக்குத் தன் மூத்தமகன் உரிமையை விற்ற ஏசாவின் கதையே தம் கதை என நெடுங்காலம் ஏங்கினார். ஒரு குண்டூசி இவ்வளவு அச்சத்தைத் தாங்குதல் வேறு எந்நூலிலும் யாம் கண்டதில்லை.

விடுதலையும் கோயிலுள் வரவில்லை; வயலில் நடந்து செல்லும்போது வந்தது. தம் நீதி விண்ணுலகில் உளது, இறைவனின் வலப்பக்கத்திலுள்ள கிறித்துவே அது என்னும் எண்ணம் தோன்றியதும், தம் நெஞ்சம் நன்னிலையில் இருப்பதால் அந்நீதி மிகுவதுமில்லை, தீநிலையில் இருப்பதாற் குறைவதுமில்லை எனத் தெளிந்தார். அன்றுவரை தம் நெஞ்சையே நாடிபிடித்துப் பார்த்துவந்த ஒருவர்க்கு அத்தெளிவு எத்துணைப் பெரியது என்பதை, மேற்கூறிய குண்டூசியை நினைவோரே உணர்வர். இங்கேனும் நூல் முற்றுப்பெறும் என எதிர்பார்ப்போம். முடிவுரையில், இன்றளவும் தம் நெஞ்சில் ஏழு அருவருப்புகளைக் காண்பதாகக் கூறி, நம்பாமை தொடங்கி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவைக்கின்றார். அவையும் தமக்கு நன்மைக்கே ஆகின்றன எனவும் சேர்க்கின்றார்.

இவற்றை அறிந்தபின் உருவக நூலைத் திறப்போர்க்கு அது வேறு நூலாகும். மரண நிழற் பள்ளத்தாக்கிற் பயணியின் பின்னே ஒரு பேய் மெல்ல அணைந்து இறைநிந்தைச் சொற்களை முணுமுணுக்க, அவை தன் உள்ளத்தினின்றே எழுந்தன எனப் பயணி மயங்கி வருந்துகின்றான். இது விறகு பிளந்தபோது கேட்ட குரலே. மாயச்சந்தையில் உலகப் பொருள் யாவும் விலைக்கு வருகின்றன. வழிப்போக்கர் இருவரும் உண்மையையன்றி வேறெதனையும் வாங்க மறுக்கின்றனர். விற்றுவிடு என்னும் சொல்லோடு ஓராண்டு போராடியவரே இச்சந்தையைப் படைக்க வல்லவர். இறுதி ஆற்றிலும் பயணி எளிதிற் கடப்பதில்லை, அமிழ்ந்து அலறுகின்றான், தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப்பிடிக்க வேண்டியதாகின்றது.

இனிக் கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்திற்கு வருவோம். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பரில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற புலவர் அவர். அவர் கைப்பட்ட பயணக்கதை ஐந்து பருவங்களாக விரிந்தது. மூலத்தில் இல்லாத கிறித்துவின் பாடுகளின் வரலாறு அதில் விரிவாக இடம்பெற்றது. காப்பிய மரபிற்கேற்ப நடை உயர்ந்தபோது பெட்ஃபோர்டுத் தெருவின் பேச்சு மறைந்தமை உண்மையே. குளம்படிக் குழிநீரை விருத்தப்பாவிற் காண்டல் அரிது. இதனைக் கொண்டு தழுவலை மூலத்தினும் தாழ்த்துதல் முறையன்று. கிறித்தவம் நம் நாட்டிற்கு அயலது என்னும் எண்ணம் நிலவிய காலத்தில், அதனைத் தமிழ்ப் பெருங்காப்பியத்தின் இருக்கையில் அமர்த்துதலே அவர் மேற்கொண்ட பணி. அப்பணிக்கு உயர்நடை வேண்டியதாயிற்று.

எனினும் பனியனின் தன்வரலாற்றுக் குரல் காப்பியத்தில் அறவே இல்லை எனச் சொல்லவியலாது. இடையிடையே கிருஷ்ணபிள்ளை தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாடல்களை அமைத்துள்ளார். அவற்றிற் கதை நின்றுவிடுகின்றது. பயணியின் பெயர் மறைந்து, தன் சிறுமையைத் தானே எடுத்துரைத்து இரங்கி வேண்டும் ஓர் ‘யான்’ முன்வருகின்றது. தமிழ்மரபில் ஒருவன் தன் நெஞ்சின் வரலாற்றை உரைக்கும் இடம் உரைநடைத் தன்வரலாறு அன்று, பதிகமே. மூலாசிரியர் தனிநூலாக எழுதியதைத் தழுவியவர் காப்பியத்துள்ளேயே பாட்டாக வைத்தார் எனலாம். தாம் கிறித்தவரான வரலாற்றைக் கிருஷ்ணபிள்ளை உரைநடையிலும் எழுதியுள்ளார். அவ்வுரைநடையையும் இத்தேவாரப் பாடல்களையும் 1666ஆம் ஆண்டு நூலோடு ஒருங்குவைத்து, எவ்விடத்து அன்றாட வாழ்வு பேசுகின்றது, எவ்விடத்து மரபு பேசுகின்றது என வரிவரியாக ஆராயும் பணி முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்கது.