பேஸ் கேக்குதா பாஸ்?

"மச்சி, மேடையில நீ சும்மாதானே நின்னுட்டு இருந்தே?"

ரெண்டு வருஷம் முன்னாடி, கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு இறங்கி வந்த எங்க டீம் பேஸ் கிடாரிஸ்ட்டிடம் கூட்டத்துல ஒருத்தன் கேட்ட கேள்வி. பார்ட் டைம் வேலை பார்த்து செகண்ட் ஹேண்ட் கிடார் வாங்கினவன். மூணு மாசமா ஹாஸ்டல் மொட்டை மாடியில விரல் தேயத் தேய ப்ராக்டீஸ் பண்ணினவன். அன்னிக்கு ஒரு நோட்கூட அவன் தப்பா வாசிக்கலை. ஆனா, ஹாலுக்குள்ள கேட்டது 'ம்ம்ம்...'னு ஒரு உறுமல் மட்டும்தான். முகம் சுருங்கிப்போச்சு அவனுக்கு.

அடுத்த வருஷம்... அதே ஹால், அதே ஸ்பீக்கர், அதே பையன். சவுண்ட் மட்டும் வேற! நடுவுல நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டது இதோ, உங்களுக்காக.

நேரா சொருகாதீங்க!

கிடார் வயரை மிக்ஸரோட லைன் இன்புட்ல நேரா சொருகுறதுதான் நாம பண்ற முதல் தப்பு. பேட்டரி இல்லாத பேஸ் கிடாரோட பிக்கப்புக்கு எதிரே சுமார் 10 லட்சம் ஓம் இம்பீடன்ஸ் இருக்கணும். லைன் இன்புட்ல பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். அதனால, விரல் படுற அந்த 'டக்' காணாமப்போய், சத்தம் மந்தமாகிடும். வயர் நீளமானா இரைச்சல் இலவசம்!

இதுக்கு மருந்து, டி.ஐ. பாக்ஸ். டிபன் பாக்ஸைவிடச் சின்ன டப்பாதான். கிடாருக்கும் இதுக்கும் நடுவுல சின்ன வயர் போதும். இங்கிருந்து சிக்னல் பேலன்ஸ்டு ஆகி, சாதாரண மைக் வயர்லயே இரைச்சல் இல்லாம மிக்ஸருக்குப் போயிடும். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிச்ச பேஸ்கூட, ஆம்ப் முன்னாடி மைக் வைக்காம இந்த டி.ஐ. வழியில பதிவானதுதான்.

'ஹம்'முனு இரைஞ்சா, டப்பாவில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சைத் தட்டுங்க. பிளக்ல எர்த் பின்னை உடைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மைக்ல உதடு படும்போது கரன்ட் அடிக்கலாம்... உயிர் விஷயம் பாஸ்!

ஏத்தாதீங்க, குறைங்க!

பேஸ் கேக்கலைன்னா உடனே 'லோ' திருகை ஏத்துவோம். அங்கதான் சிக்கல். பேஸோட தடிச்ச 'ஈ' கம்பி 41 ஹெர்ட்ஸ். சப்-வூஃபர் இல்லாத காலேஜ் ஸ்பீக்கர் பலதும் அவ்வளவு கீழே இறங்காது. நீங்க ஏத்தினா ஆம்ப்தான் திணறும். காதுக்கு எதுவும் வராது.

அதனால 40 ஹெர்ட்ஸ் பக்கம் குறைங்க. 200-250 பக்கம் கொழகொழன்னு இருந்தா அதையும் கொஞ்சம் குறைங்க. விரல் சத்தம் தெளிவா வேணும்னா 700-1,000 பக்கம் லேசா ஏத்துங்க. பாடகர் மைக் எல்லாத்திலும் லோ-கட் பட்டனை அமுக்கிடுங்க. அந்த மைக்குகள் சேர்க்கிற மேடை அதிர்வு போனாலே பேஸுக்கு இடம் கிடைச்சிடும். எங்க ஹால்ல பாதி வித்தியாசம் இந்த ஒரு பட்டன்லதான் வந்துச்சு!

நடந்து பாருங்க!

41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 8 மீட்டருக்கு மேல... கிட்டத்தட்ட ஒரு மினி பஸ்! அதனால ஹால்ல ஒரு இடத்துல இடி மாதிரி கேக்கும், நாலு அடி தள்ளினா காணாமப்போகும். மூலையில எப்பவுமே அதிகம். மேடையில நின்னு முடிவு பண்ணாம, சவுண்ட் செக்ல நண்பனை வாசிக்கவிட்டு, நீங்க கடைசி வரிசை வரைக்கும் நடந்து கேளுங்க. ஆள் நிரம்பினா சத்தம் மாறும்கிறதையும் மனசுல வைங்க.

கடைசியா, மிக்ஸர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற அண்ணனும் உங்க டீம்தான். "அண்ணே, மூணாவது பாட்டு பேஸ்லதான் ஆரம்பிக்கும்"னு பாட்டு லிஸ்ட்டை முன்னாடியே கையில குடுங்க. அதிகாரம் பண்றதைவிட ஒரு டீ நிறைய வேலை செய்யும்!

போன வருஷம் எங்களுக்கு ரெண்டாவது பரிசுதான். ஆனா, கதவோரம் நின்ன வாட்ச்மேன் தாத்தா மேடைக்குப் பின்னாடி வந்து, "அந்தத் தடிக் கம்பி கிடார் யாருப்பா வாசிச்சது?"ன்னு கேட்டார்.

நம்ம பையனுக்கு அதுதான் கப்!