தலையை எண்ணட்டும், முகம் எதற்கு?

நேற்று திருமலையில் இத்தனை பேர் தரிசனம், இத்தனை பேர் முடிகாணிக்கை, உண்டியல் இவ்வளவு. தினமும் டிவியில் ஓடும் இந்தக் கணக்கைப் பார்க்காத வேலூர்க்காரர், சென்னைக்காரர் குறைவு. வருஷத்துக்கு 2 கோடியைத் தாண்டுகிறது. ஆனால் அது தரிசனங்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. மாதாமாதம் மலையேறும் சித்தூர்க்காரர் அதில் பன்னிரண்டு பேராக இருக்கிறார்.

தனித்தனி ஆட்கள் எத்தனை என்று அறிய, எல்லாருடைய ஆதார் எண்ணையும் சேர்த்து வைத்து ஒப்பிட வேண்டியதில்லை. ரெடிஸ் என்ற மென்பொருள் தரவைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணிமைக்குள் பதில் சொல்லும். அதில் 2014 முதல் ஹைப்பர்லாக்லாக் என்ற எண்ணும் முறை இருக்கிறது. ஓர் அடையாள எண் வந்ததும் அதைக் கலைத்துப் பூஜ்யமும் ஒன்றுமான வரிசையாக்கும். தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை பூஜ்யம் விழுந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு எண்ணை விட்டுவிடும். தொடர்ந்து பத்து தடவை பூ விழுந்தது என்று ஒருவர் சொன்னால், ஆயிரம் தடவை போலக் காசு சுண்டியிருப்பார் என்று ஊகிக்கிறோமே, அந்தக் கணக்குதான். ஒரே ஆள் நூறு முறை வந்தாலும் அதே வரிசைதான் வரும், எண்ணிக்கை ஏறாது. இப்படி 16,384 குறிப்புகள், மொத்தமே 12 கிலோபைட். வழக்கமான பிழை 0.81 சதவீதம், 70,000 பேருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் முன்னே பின்னே. முப்பது நாள் குறிப்புகளை இணைத்தால் மாதக் கணக்கும் வந்துவிடும். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் மட்டும் அதில் இருக்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். 2023 மார்ச்சில் திருமலையில் லட்டு டோக்கனுக்கும் அறை ஒதுக்கீட்டுக்கும் முகத்தைப் பார்த்து ஆளை அறியும் முறை சோதனையாக வந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப டோக்கன் வாங்குவதையும் தரகர்களையும் தடுக்கத்தான் என்கிறார்கள்; நியாயம்தான். இவர் ஏற்கெனவே வாங்கிவிட்டாரா என்ற கேள்விக்குத் தோராயக் கணக்கு போதாது. அதற்கும் ரெடிஸில் வழி உண்டு: பதியும்போதே 24 மணி நேரக் கெடு வைத்தால், அது முடிந்ததும் தானாக அழியும். கவனிக்க வேண்டியது ஒன்று. ரெடிஸ் அவ்வப்போது வட்டிலும் நகல் எழுதும். அதை நிறுத்தாவிட்டால் நினைவகத்தில் அழிந்தது வட்டில் கிடக்கலாம்.

பிள்ளை வரம் கேட்டு வந்தவர், வீட்டுக்குத் தெரியாமல் தாலி கட்ட வந்தவர், யாரோடு வந்தார், எங்கே தங்கினார் என்பதெல்லாம் அவரவர் சொந்த விஷயம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை முடிந்தால் தரவை அழிக்கச் சொல்கிறது. கேமரா வைக்கும் எந்தக் கோயிலானாலும், பதிந்த முகம் எத்தனை மணி நேரத்தில் அழியும் என்று கவுன்டருக்கு மேலேயே தமிழிலும் தெலுங்கிலும் போர்டு மாட்ட வேண்டும்.