சிக்னலில் அணைந்துபோகும் ஸ்போர்ட்ஸ் பைக்: காரணம் காண ஒரு வரிசை

கல்பாத்தியிலிருந்து வாளையார் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பணிக்கும் படிப்புக்கும் இருசக்கர வாகனத்தில் சென்று வருவோர் உண்டு. ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புதிய வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருக்கும்போது, பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் பைக்கின் மீது இளைஞர்களின் நாட்டம் செல்வது இயல்பே. 2003-இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2008-இல் வந்த யமஹா ஆர்15, 2009-இல் கார்புரேட்டருடன் வந்த பஜாஜ் பல்சர் 220, 2011-இல் வந்த ஹோண்டா சிபிஆர்250ஆர் முதலிய வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய வண்டிகளை வாங்கியோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு: ஓட்டத்தில் வண்டி நன்றாகவே இருக்கிறது, சிக்னலில் நின்றால் என்ஜின் தடுமாறுகிறது, சில வேளைகளில் அணைந்தும் விடுகிறது. மெக்கானிக்குகள் இதனை ‘ஐடிலிங் நிற்கவில்லை’ என்பர். இதன் காரணம் சில நூறு ரூபாயில் மாற்றத்தக்க ஒரு ஸ்பார்க் பிளக்காகவும் இருக்கலாம்; என்ஜினைப் பிரிக்க வேண்டிய பெருஞ்செலவாகவும் இருக்கலாம். எளியதிலிருந்து அரியதற்கும், வெளியிலிருந்து உள்ளேயும் என்ற வரிசையில் சோதித்தால், இவ்விரண்டில் எது என்பதை வீண்செலவின்றி அறியலாம்.

ஐடிலிங் என்னும் நாடி

ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலையிலும் என்ஜின் தானாகவே சீராகச் சுழல்வதே ஐடிலிங். 150 முதல் 250 சிசி வரையுள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரு சுற்றுக்கு ஒருமுறையே எரிபொருள் பற்றுவதால், நிமிடத்துக்கு 700 முறை, அதாவது நொடிக்குப் பன்னிரண்டு முறை எனலாம். இவற்றுள் ஓரிரண்டு தவறினாலும் கைப்பிடியில் அதிர்வு தெரியும்.

இந்நிலையில் காற்று செல்லும் வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சிறிய அளவின. எனவே ரப்பர் இணைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்து அதன்வழியே சிறிது காற்று கூடுதலாக நுழைந்தாலும் கலவையின் விகிதம் குலைந்துவிடும். வண்டி விரைந்து செல்லும்போது அதே கசிவு பெருங்காற்றில் கரைந்து மறைந்துவிடும். ஓட்டிப் பார்த்து மட்டும் வண்டியை மதிப்பிடுவோர் ஏமாறுவது இங்கேதான். நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர் நோயாளியை ஓடச் சொல்வதில்லை. அமைதியாக அமரச் செய்தே பார்க்கிறார்.

ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் என்ஜின் அதிக சுற்றுகளில் வலிமை தருமாறு வடிவமைக்கப்படுவது. அதனால் குறைந்த சுற்றில் சிறு குறையையும் அது பொறுத்துக்கொள்வதில்லை.

விலை பேசும் முன் செய்ய வேண்டியவை

வண்டியைக் காலையில், குளிர்ந்த நிலையில் பாருங்கள். நீங்கள் சென்று சேரும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அது ஆறும்வரை காத்திருப்பதோ மறுநாள் வருவதோ நலம். குளிர்ந்த என்ஜின் மறைக்காத குறைகளைச் சூடான என்ஜின் மறைத்துவிடும்.

அடுத்து, சுற்றுமானியைக் கவனியுங்கள். சூடேறிய பின்னும் முள் 2,000-க்கு அருகில் நின்றால், தடுமாற்றத்தை மறைக்க ஐடில் ஸ்குரூவை ஏற்றி வைத்திருக்கலாம். உரிமையாளர் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு அதனை இறக்கச் சொல்லி, ஐந்து நிமிடங்கள் அப்படியே ஓடவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவதாக, தயாரிப்பாளர் பொருத்திய சைலன்சரும் ஏர் ஃபில்டர் பெட்டியும் இருக்கின்றனவா என்று நோக்குங்கள். இரைச்சலுக்காக இவற்றை மாற்றிய வண்டிகளில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை உண்டாகி, ஐடிலிங் குலையும். இத்தகைய மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கும் முரணாகலாம். அபராதம் புதிய உரிமையாளருக்கே வரும்.

சோதனையின் வரிசை

வண்டியை வாங்கிய பின் குறை தெரிந்தால், கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றலாம். ஒரு படி முடிந்து, பயன் தெரிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றினால், குறை நீங்கினாலும் காரணம் தெரியாது. செலவான பணத்தில் பெரும்பகுதி வீணாகியிருக்கும்.

முதலாவது, பேட்டரி. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், என்ஜின் சற்று விரைந்து ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் பம்ப், இன்ஜெக்டர், பற்றவைப்பு ஆகிய அனைத்தும் மின்சாரத்தையே நம்பியிருப்பதால், சோர்ந்த பேட்டரி ஒன்றே முழுக் குழப்பத்துக்கும் போதும்.

இரண்டாவது, ஏர் ஃபில்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கோடைக்காற்று புழுதியைச் சுமந்து வருவது. அடைபட்ட ஃபில்டர் காற்றைக் குறைத்து, கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோலை மிகுவிக்கும்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக். இதன் நிறமே ஒரு சாட்சி. வெளிர் பழுப்பு நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கிலோ வால்வு சீலிலோ தேய்மானம் இருக்கக்கூடும்.

நான்காவது, காற்றுக் கசிவு. சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும், அல்லது திராட்டில் பாடிக்கும், இடையேயுள்ள ரப்பர் இணைப்பின்மீது, என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சிறிது நீரைத் தெளியுங்கள். ஓசை மாறினால் கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயையோ பயன்படுத்துவது ஆபத்து. ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் சுற்று மெல்ல மெல்லவே இறங்குவது, இக்கசிவின் மற்றோர் அடையாளம்.

ஐந்தாவது படி வண்டியின் வகையைப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டி சோக் இழுத்தால் ஓடி, சோக்கை விட்டால் அணையுமானால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைபட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். அதைக் கம்பியால் குத்துவது துளையைப் பெரிதாக்கிவிடும். கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கலவைத் திருகைத் தொடும் முன், அது இறுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று திறந்துள்ளது என்பதை எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டால், பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியாயின், முதலில் மீட்டரிலுள்ள என்ஜின் எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால், பிழைக்குறியீட்டைப் படித்த பின்னரே எதையும் கழற்ற வேண்டும். விளக்கு எரியாதபோது, திராட்டில் பாடியில் படிந்த கரியும், ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வின் அழுக்குமே வழக்கமான காரணங்கள். நிஞ்ஜா 300 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகளில், இரு திராட்டில்களும் ஒரே அளவில் காற்றை விடுகின்றனவா என்று கருவிகொண்டு ஒத்திசைக்கவும் வேண்டும்.

ஆறாவது, டேப்பட். குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் தடுமாறும் வண்டியில் வால்வு இடைவெளி குறுகியிருக்கக்கூடும். சூட்டில் உலோகம் விரிவதால் வால்வு முழுதும் மூடாமல், அழுத்தம் கசிகிறது. கல்பாத்தித் தேர்த் திருவிழா நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் வண்டி அணைகிறது என்போர் இதனைச் சோதிப்பது நன்று. இவ்விடைவெளியை நெடுநாள் கவனியாமல் விட்டால் வால்வு கருகி, சிறுசெலவு பெருஞ்செலவாகும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால் மட்டுமே சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்திருப்பது உறுதியானால்தான் என்ஜினைப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. அளக்காமலே ‘என்ஜின் வேலை’ என்று கூறப்பட்டால், வேறொரு பட்டறையிலும் கருத்துக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அக்ரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நடையிலோ ரேழியிலோ வண்டியை நிறுத்தி ஐடிலிங் பார்ப்பது கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரையே பறிக்கும். சோதனை எப்போதும் திறந்த வெளியில் நடக்கட்டும்.

மலையும் மழையும் பெட்ரோலும்

உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு செல்வோர், மேலே சென்றதும் கார்புரேட்டர் வண்டி மந்தமாகித் தடுமாறுவதைக் காண்பர். இடுக்கி மலைகளில் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுகிறது. இது பழுதன்று. மலையில் திருகை மாற்றிவிட்டு அப்படியே கீழே இறங்கினால், சமவெளியில் கலவை வறண்டு என்ஜின் சூடேறும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் காற்றழுத்த உணரியின் துணையால் இதனைத் தாமே சரிசெய்துகொள்கின்றன.

இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டாங்கில் நீர் புகுந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். நெடுநாள் நின்ற வண்டியை வாங்கினால் பழைய பெட்ரோலை வடித்து, புதியதை நிரப்பிய பின்னரே மற்ற சோதனைகளைத் தொடங்குங்கள். பழைய வண்டிகளில் எரிபொருள் குழாய்கள், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புகைச் சான்றிதழ் கூறும் செய்தி

வாகனப் புகைச் சோதனை, பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு, ஐடிலிங் நிலையிலேயே செய்யப்படுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2000 மார்ச்சுக்குப் பின்னும் பி.எஸ். 4 விதிகளுக்கு முன்னும் தயாரான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடின் உச்சவரம்பு 3.5 விழுக்காடு, எரியாத ஹைட்ரோகார்பனின் வரம்பு 4,500 பி.பி.எம். மோனாக்சைடு மிகுந்திருந்தால் பெட்ரோல் மிகுதி எனவும், மோனாக்சைடு குறைந்து ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்திருந்தால் பற்றவைப்பு தவறுகிறது எனவும் கருதலாம். குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இச்சீட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விலை பேசும் முன்பே விற்பவரை உடனழைத்துச் சென்று இச்சோதனையைச் செய்துவிட்டால், இன்னும் சிறப்பு.

கடனும் ஆவணங்களும்

பயன்படுத்திய வண்டிக்கான கடனில் வட்டி பொதுவாகப் புதிய வண்டிக்கானதைவிடக் கூடுதல். தவணைக் காலம் குறைவு. வாங்கிய மாதமே என்ஜின் செலவும் சேர்ந்தால் குடும்ப வரவுசெலவு ஆட்டம் காணும். எனவே வண்டியின் விலை, பெயர் மாற்றம், காப்பீடு ஆகியவற்றோடு முதல் பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிய பின்னரே கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

பதிவுச் சான்றிதழில் முந்தைய கடனுக்கான குறிப்பு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் நிலுவையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று அதனை நீக்கச் செய்யுங்கள். கோயம்புத்தூரில் பதிவான வண்டியைப் பாலக்காட்டுக்குக் கொண்டுவர, அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. அதற்கு உரியது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. காப்பீட்டுச் சான்றிதழில் உரிமை மாற்றத்தைப் பதிய, வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆவணங்கள் தெளிவாக இருந்து, குளிர்ந்த காலையில் என்ஜின் ஐந்து நிமிடம் சீராக நின்று ஓடினால், அவ்வண்டிக்குத் தயங்காமல் விலை பேசலாம். ஐடிலிங் தடுமாறினாலும், காரணம் பிளக்கிலோ ரப்பர் இணைப்பிலோ இருப்பது உறுதியானால், அச்செலவைக் கழித்து விலை பேசுங்கள். காரணம் தெரியாதவரை முன்பணம் கொடுக்காதிருப்பதே நன்று.